இதயத்தில் ஒரு தழும்பு: எங்கே, எவ்வளவு, அதனால் என்ன?

உடம்பில் எங்கே காயம் பட்டாலும் ஆறின பிறகு தழும்பு விழும். சைக்கிளில் விழுந்து முழங்காலில் ஒன்று, சின்ன வயதில் ஊசி போட்ட இடத்தில் தோளில் ஒன்று என்று எல்லோரிடமும் இரண்டு மூன்றாவது இருக்கும். இதயத்திலும் தழும்பு விழும். வெளியே தெரியாது. ஆனால் அது இருக்கிறதா, எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பதை நெஞ்சைத் திறக்காமலே படம் பிடித்துவிடலாம். அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள் :)

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. இயற்பியல் மாணவன். இந்த விஷயம் என்னிடம் வந்தது பெரியப்பா வழியாக. சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிறார். மாரடைப்பு வந்து பிழைத்து, நான்கு மாதம் கழித்தும் மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. எக்கோ எடுத்ததில் இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு 30 சதவீதம் என்று வந்தது. நன்றாக இருக்கிறவர்களுக்கு அது 55 சதவீதத்துக்கு மேல் இருக்கும். மூன்று ரத்தக் குழாயிலும் அடைப்பு. பைபாஸ் பற்றிப் பேசும்போது, எதற்கும் ஒரு இதய எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்கள். எங்கள் ஊரில் ஈ.சி.ஜி., எக்கோ வரைக்கும் பார்க்கலாம். இதற்குப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும். எடுத்து வந்த ரிப்போர்ட்டைப் பெரியம்மா என் கையில் கொடுத்து, "ஏய்யா, நீ சயின்ஸுதான படிக்க, இதுல என்ன போட்டிருக்காவ?" என்று கேட்டார்கள். இரண்டு தறியை விற்பதா வேண்டாமா என்ற பேச்சு வீட்டில் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த ரிப்போர்ட்டில் "லேட் கடோலினியம் என்ஹான்ஸ்மென்ட்" என்று நான்கு இடத்தில் போட்டிருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு படித்ததில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

தழும்பு என்றால் என்ன?

ரத்தக் குழாய் அடைத்ததும் அதை நம்பியிருந்த இதயத் தசை உடனே செத்துவிடுவதில்லை. கொஞ்ச நேரம் தாக்குப் பிடிக்கும். பிறகு உள்பக்கச் சுவரில் செல்கள் சாக ஆரம்பித்து, மணிக்கணக்கில் வெளிப்பக்கமாகப் பரவும். மாரடைப்பு வந்தவரைச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வது இதனால்தான். செத்த இடத்தை உடம்பு அப்படியே விடாது. சில வாரங்களில் கொலாஜன் என்ற நார்ப் பொருளால் அதை அடைத்துவிடும். அதுதான் தழும்பு. சுவர் கிழியாமல் காப்பாற்றுகிறது. ஆனால் சுருங்கி விரியாது. பாவில் இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போடுகிற மாதிரி. துணி பிரியாது, ஆனால் முடிச்சு முடிச்சுதான்.

தோலில் புதுச் செல்கள் வந்துகொண்டே இருக்கும். இதயத்தில் அப்படி இல்லை. ஸ்வீடனில் ஒரு குழு 2009இல் வெளியிட்ட கணக்குப்படி, 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 சதவீத இதயத் தசைச் செல்கள்தான் புதிதாகின்றன. 75 வயதில் அதில் பாதிகூட இல்லை. ஒரு தடவை தழும்பான இடம் தழும்புதான்.

ஆனால் ஒரு இடம் துடிக்கவில்லை என்பதால் அது செத்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ரத்தம் போதாத தசை, உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வேலையைக் குறைத்துக்கொண்டு சும்மா கிடக்கும். இதை "உறங்கும் தசை" என்ற கருத்தாக 1980களில் பரப்பியவர் மும்பையில் பிறந்த ஷாபுதீன் ரஹிம்தூலா என்ற இதய மருத்துவர். எக்கோவில் பார்த்தால் உறங்கும் தசையும் செத்த தசையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் தெரியும். இரண்டுமே அசையாது. வித்தியாசத்தைக் காட்டுவதுதான் எம்.ஆர்.ஐ. செய்கிற வேலை.

படம் எப்படி விழுகிறது?

இது என் ஏரியா, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம்.ஆர்.ஐ. என்பது பெரிய காந்தம். பெரும்பாலான இதய ஸ்கேன்கள் 1.5 டெஸ்லா காந்தத்தில் எடுக்கப்படுகின்றன. பூமியின் காந்தப் புலத்தைவிட 30,000 மடங்குக்கும் மேல். நம் உடம்பில் இருக்கும் தண்ணீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இந்தக் காந்தப் புலத்தில் ஓர் ஒழுங்குக்கு வரும். ரேடியோ அலையால் அவற்றைத் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது சிக்னல் கொடுக்கும். எவ்வளவு வேகமாகத் திரும்புகின்றன என்பதை வைத்துப் படம் வரைகிறார்கள். எக்ஸ்ரே, சி.டி. மாதிரிக் கதிர்வீச்சு கிடையாது.

இதயம் சும்மா இருக்காதே? அதனால் நெஞ்சில் ஈ.சி.ஜி. ஒட்டி, துடிப்பின் ஒரே கட்டத்தில் தகவல் எடுக்கிறார்கள். நடுவில் "மூச்சைப் பிடிங்க" என்பார்கள். ஒவ்வொரு தடவையும் 10, 15 நொடி. முழுதும் முடிய முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் ஆகலாம். உள்ளே ஒரே சத்தம். பெரியப்பா வெளியே வந்து சொன்ன முதல் வார்த்தை, "நம்ம தறி செட்டே தேவலடா" :)

இப்போது கடோலினியம். இது ஓர் அரிய மண் தனிமம். பின்லாந்து வேதியியலாளர் யோகான் கடோலின் பெயரில் வந்தது. இதன் அயனியில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் 7 இருப்பதால், பக்கத்தில் இருக்கிற தண்ணீரின் ஹைட்ரஜனை வேகமாகப் பழைய நிலைக்குத் திரும்ப வைக்கும். படத்தில் அந்த இடம் வெளிச்சமாகும். தனியாகக் கொடுத்தால் நச்சு. அதனால் வேறொரு மூலக்கூறுக்குள் பூட்டி, கை நரம்பில் ஊசியாகப் போடுகிறார்கள்.

இந்த மருந்து உயிருள்ள செல்லுக்குள் நுழையாது. செல்களுக்கு இடையில் இருக்கிற சந்தில் மட்டும் போகும். நல்ல தசையில் செல்கள் நெருக்கமாக இருப்பதால் சந்து குறைவு. வந்த மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். தழும்பில் செல்லே இல்லை, எல்லாம் நாரும் சந்தும்தான். மருந்து அதில் தேங்கி நிற்கும். ஊசி போட்டு 10 நிமிடத்துக்கு மேல் காத்திருந்து, நல்ல தசை கறுப்பாக விழும்படி நேரத்தைச் சரிசெய்து படம் எடுத்தால், தழும்பு மட்டும் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். தாமதமாக எடுப்பதால்தான் அந்த "லேட்". கறுப்பு என்றால் உயிர், வெள்ளை என்றால் தழும்பு.

முதல் கேள்வி: எங்கே?

வெள்ளை தெரிந்தால் உடனே மாரடைப்பு என்று சொல்லிவிட முடியாது. மாரடைப்புத் தழும்பு உள்பக்கச் சுவரில் ஆரம்பிக்கும், ஏதாவது ஒரு ரத்தக் குழாயின் எல்லைக்குள் இருக்கும். வைரஸ் கிருமியால் இதயத் தசை வீங்கி ஆறினவர்களுக்குப் பெரும்பாலும் வெளிப்பக்கச் சுவரில் அல்லது சுவரின் நடுவில் இருக்கும். பிறவிக் கோளாறால் தசை தடித்தவர்களுக்கு, இரண்டு கீழறைகளும் சேரும் இடத்தில் திட்டுத் திட்டாகத் தெரியும். இடத்தை வைத்தே காரணத்தை ஊகிக்கலாம்.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. தென்காசி, செங்கோட்டை தாண்டி மலை இறங்கினால் கேரளா. இதய நோய் என்றால் தென்மாவட்டக்காரர்கள் பலர் போகிற இடம் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம். அங்கே டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இருந்த காலத்தில், கேரளத்தின் ஏழைக் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வந்த ஒரு விசித்திரமான நோயோடு பல வருடம் போராடினார்கள். எண்டோமையோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். 1948இல் உகாண்டாவில் டேவிஸ் என்ற டாக்டர் விவரித்த நோய். ரத்தக் குழாயில் அடைப்பு இருக்காது. ஆனால் இதயத்தின் கீழறையின் உள்பக்கமும் நுனியும் தழும்பால் மெழுகினது போல் ஆகிவிடும். அறை விரியாது, வால்வு இழுபட்டு ஒழுகும், வயிறு நீர் கட்டி வீங்கும். வலியத்தானின் குழு அந்த நார்ப் படலத்தை அறுவை செய்து உரித்தெடுத்தது.

காரணம் என்ன என்று தேடியதில் வலியத்தானும் சி.சி. கர்த்தாவும் ஒரு கருத்தை வைத்தார்கள். கேரளக் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு. நம் கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி மணலிலும் அதே மோனசைட்தான். அதில் சீரியம் என்ற அரிய மண் தனிமம் நிறைய. நோயாளிகளின் இதயத் திசுவில் சீரியம் அதிகமாகவும் மெக்னீசியம் குறைவாகவும் இருந்தது. மெக்னீசியம் குறைந்த உடம்பில் மண்ணிலிருந்து கிழங்கு வழியாகச் சேரும் சீரியம் நார்த் தழும்பை உண்டாக்குகிறதோ என்பது அவர்கள் கேள்வி. எலிகளிலும் சோதித்தார்கள். இன்றுவரை இது முழுசாக நிரூபணமாகவில்லை. குடல் புழு, ஒரு வகை வெள்ளணு கூடுவது, சத்துக் குறைவு என்று வேறு காரணங்களும் சொல்லப்படுகின்றன. வாழ்க்கைத் தரம் உயர உயர, கேரளாவில் இந்த நோய் மிகவும் குறைந்துவிட்டது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

எனக்கு இதில் பிடித்தது ஒன்று. இதயத்தைத் தழும்பாக்குவதாகச் சந்தேகிக்கப்பட்டது ஒரு அரிய மண் தனிமம். அந்தத் தழும்பை இன்று வெள்ளையாகக் காட்டுவது அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தனிமம். அதே மோனசைட்டில் கடோலினியமும் சிறிதளவு உண்டு!

அன்றைக்கு அந்தத் தழும்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அறுவை மேசை அல்லது பிரேதப் பரிசோதனை. எக்கோவும் குழாய் விட்டு எடுக்கும் படமும் அறையின் வடிவத்தைத்தான் காட்டின. இன்று கடோலினியம் போட்டு எடுத்தால் மூன்று அடுக்கும் தனித்தனியாகத் தெரியும். வெளியே கறுப்பாக நல்ல தசை, அதன் மேல் வெள்ளையாகத் தழும்பு, அதற்கும் உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது மறுபடி கறுப்பாக.

இரண்டாவது கேள்வி: எவ்வளவு?

2000ஆம் ஆண்டில் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிம், ஜட் ஆகியோரின் குழு 50 பேரை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டது. பைபாஸ் அல்லது ஸ்டென்ட் செய்வதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்து, சுவரைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். சரியாக அசையாத, ஆனால் வெள்ளையே இல்லாத 329 துண்டுகளில் 256 துண்டுகள், அதாவது 78 சதவீதம், சிகிச்சைக்குப் பிறகு முன்னைவிட நன்றாகச் சுருங்கின. சுவரின் கனத்தில் 75 சதவீதத்துக்கு மேல் வெள்ளையாக இருந்த 58 துண்டுகளில் தேறியது எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று.

அளவு முக்கியமாகும் இன்னொரு இடம் தசை தடித்துப்போகும் நோய். இளைஞர்கள் விளையாடும்போது திடீரென்று விழுந்து இறக்கும் செய்திகளுக்குப் பின்னால் சில சமயம் இருப்பது இதுதான். தழும்பு, துடிப்பின் மின்சாரத்தை வழிமாற்றிச் சுழலவிடும். அதனால் வரும் ஆபத்து. 1,293 பேரை வைத்து 2014இல் வந்த ஆய்வில், கீழறைத் தசையில் 15 சதவீதம் தழும்பு இருந்தால், வேறு அறிகுறி இல்லாதவர்களுக்கும் திடீர் மரண ஆபத்து சுமார் இரண்டு மடங்கு என்று கண்டார்கள். துடிப்பு தாறுமாறானால் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவியை நெஞ்சில் பொருத்தலாமா என்று முடிவெடுக்க இந்த அளவும் இப்போது உதவுகிறது.

இது நமக்கு ரொம்பத் தூரத்து விஷயம் இல்லை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலிருந்து தண்டபாணியும், ஹைதராபாத் சி.சி.எம்.பி.யிலிருந்து தங்கராஜும் மற்றவர்களும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு இதயத் தசை மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப் போவது தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு இருக்கிறது என்று சொன்னது. நூற்றுக்கு நான்கு பேர்! ஆனால் பயப்படத் தேவையில்லை. அதை வைத்திருப்பவர்களில் ரொம்பப் பேர் நன்றாகவே இருக்கிறார்கள். 2020இல் வந்த மறு ஆய்வு, அவர்களில் சிலருக்கு அதோடு சேர்ந்தே வரும் இன்னொரு மாற்றம்தான் பெரும்பாலான ஆபத்துக்குக் காரணம் என்றது. மரபணு இருக்கிறது என்பதால் நோய் இருக்கிறது என்று ஆகாது. தசை தடித்திருக்கிறதா, தழும்பு விழுந்திருக்கிறதா என்று இதயத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: அதனால் என்ன?

இதுவரை படித்ததும் நான் நினைத்தது இதுதான்: படம் எடு, கறுப்பாக இருந்தால் ஆபரேஷன், வெள்ளையாக இருந்தால் மாத்திரை. கணக்குப் போல எவ்வளவு சுலபம்! ஆனால் பெரிய ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை.

ஸ்டிச் என்ற ஆய்வில் இதயம் பலவீனமான 1,212 பேரை, மாத்திரை மட்டும், மாத்திரையோடு பைபாஸ் என்று இரண்டாகப் பிரித்தார்கள். பத்து வருடக் கணக்கு 2016இல் வந்தபோது பைபாஸ் செய்தவர்களில் இறப்பு குறைவு. ஆனால் 2011லும் 2019லும் வந்த உட்பிரிவு ஆய்வுகளில், உயிருள்ள தசை அதிகம் இருந்தவர்களுக்குத்தான் பைபாஸ் கூடுதலாகப் பலன் தந்தது என்று காட்ட முடியவில்லை. (அதில் பயன்படுத்தியது எம்.ஆர்.ஐ. அல்ல, வேறு சோதனைகள்.) அடுத்து பிரிட்டனில் 700 பேரை வைத்து ரிவைவ்டு என்ற ஆய்வு, 2022. உயிருள்ள தசை இருக்கிறது என்று உறுதி செய்த பிறகு ஸ்டென்ட் வைத்தும்கூட, மாத்திரை மட்டும் எடுத்தவர்களைவிட இறப்போ, இதயச் செயலிழப்பால் ஆஸ்பத்திரியில் சேர்வதோ குறையவில்லை. 2023இல் அதே ஆய்வின் அடுத்த பகுதி இன்னொன்றையும் சொன்னது. உயிருள்ள தசை எவ்வளவு என்பது பின்னால் நடப்பதைச் சொல்லவில்லை. தழும்பு எவ்வளவு என்பது சொன்னது.

ஆக, தழும்பின் படம் உண்மையைச் சொல்கிறது. ஆனால் அது மட்டும் தீர்ப்பு அல்ல. எத்தனை குழாய் அடைப்பு, வயது என்ன, சர்க்கரை உண்டா, சிறுநீரகம் எப்படி என்று எல்லாம் சேர்ந்துதான் முடிவு.

பெரியப்பா ரிப்போர்ட்டில் இதய நுனியும் முன்சுவரின் கீழ்ப்பகுதியும் 75 சதவீதத்துக்கு மேல் வெள்ளை. பக்கச் சுவரும் அடிச்சுவரும் பெரும்பாலும் கறுப்பு. உள்ளே ரத்தக் கட்டி இல்லை. மூன்று குழாய் அடைப்பு என்பதால் பைபாஸ் என்ற யோசனை படத்துக்கு முன்பே இருந்தது என்று டாக்டர் விளக்கினார். படம் சொன்னது வேறு: எது திரும்பலாம், எது திரும்பாது. பெரியம்மாவுக்கு நான் இப்படித்தான் சொன்னேன். "முன்னாடி உள்ள ஒரு பகுதி இனி வேலை செய்யாது பெரியம்மா. மத்த இடம் உசிரோடதான் இருக்கு. ஆபரேஷன் பண்ணினா மூச்சு வாங்குறது குறையலாம், ஆனா பழைய மாதிரி பாவு நூல் மூட்டை தூக்க முடியாது." அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தூக்க வேண்டாம்யா, இருந்தாப் போதும்" என்றார்கள். தறி ஒன்றுதான் விற்றார்கள். ஆபரேஷனுக்கு அரசுக் காப்பீட்டுத் திட்டம் இருந்தது. இந்தப் பணம் வேலையில்லாத மாதங்களுக்கு. இப்போது பெரியப்பா தறி செட்டில் உட்கார்ந்து கணக்கு மட்டும் பார்க்கிறார். மாத்திரைகள் தொடர்கின்றன.

யாருக்காவது இந்த ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் கவனிக்க வேண்டியவை:

சிறுநீரகம் ரொம்பவும் பழுதானவர்களுக்குப் பழைய வகைக் கடோலினியம் மருந்துகளால் தோலும் உறுப்புகளும் இறுகும் ஒரு நோய் வந்தது 2006இல் தெரியவந்தது. இப்போதைய வகைகளில் அந்த ஆபத்து மிகக் குறைவு. இருந்தாலும் சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பேஸ்மேக்கர், கண்ணிலோ உடம்பிலோ இரும்புத் துண்டு, காதுக்குள் வைத்த கருவி இருந்தாலும் சொல்லுங்கள். எல்லா பேஸ்மேக்கரும் தடை இல்லை, ஆனால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதய ஸ்டென்ட் பொதுவாகப் பிரச்சினை இல்லை. மூச்சை அடக்கிப் பழகிவிட்டுப் போங்கள், படம் நன்றாக வரும்.

எல்லாவற்றையும்விட முக்கியமாக, டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படத்தில் என்ன வந்தால் என்ன செய்வீர்கள், வேறு மாதிரி வந்தால் என்ன செய்வீர்கள்?" இரண்டு பதிலும் வேறு வேறு என்றால் கடன் வாங்கியாவது எடுங்கள். இரண்டும் ஒன்றே என்றால், எதிர்காலத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் அந்தச் செலவு செய்யலாமா என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். இப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கேட்டதும் பொறுமையாகச் சொன்னார்கள்.

மருத்துவம் படிக்கிற நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், விட்டுப்போனதைப் பின்னூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்த பதிவு இவ்வளவு கனமாக இருக்காது :)